கற்றாழைக் கன்று வைக்கும் முறை

தேயிலைத் துண்டை நாற்றுமேடையில் ஈரம் காயாமல் வளர்க்கிறோம். கற்றாழை அதற்கு நேர்மாறு. அதன் இலையை நட்டால் பெரும்பாலும் அழுகிப்போகும். தாய்ச்செடி அடியில் முளைக்கும் கன்றைத்தான் எடுக்க வேண்டும்.

1. ஒரு சாண் உயரக் கன்றை வேரோடு பிரித்தெடுங்கள்.
2. வெட்டுக்காயம் ஆற இரண்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள்.
3. பால்மா டின் அடியில் துளையிட்டு, பாதி மண், பாதி மணல் போட்டு நடுங்கள்.
4. ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். பிறகு மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

மழை நாளில் இஸ்தோப்பில் வெளிச்சம் படும்படி வையுங்கள். நம்ம பக்கம் கற்றாழையைக் கொல்லுறது வெயில் இல்லை, ஈரம்தான்.

அடுப்பு லேசாகச் சுட்டால் முதலில் 20 நிமிடம் பச்சைத்தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு, மஞ்சள் பாலைக் கழுவிய சோற்றைத் தடவலாம். கொப்புளம் போட்டால் டிஸ்பென்சரிக்கே போங்கள்.