சைவ உணவகமும் சாவகர் நோன்பும்

இல்லறத்தாராகிய சாவகர்க்கு வகுக்கப்பட்ட பன்னிரு விரதங்களுள் குணவிரதம் மூன்று. அவற்றுள் ஒன்று போகோபபோக பரிமாணம். ஒருமுறை துய்த்த அளவில் தீர்ந்துபோவது போகம், உணவு அத்தகையது. மீண்டும் மீண்டும் துய்க்கத் தக்கது உபபோகம். ஆடையும் அணியும் அத்தகையன. இவ்விரண்டிற்கும் எல்லை வகுத்துக் கொள்வதே இவ்விரதம். காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்படும் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விளக்கியுள்ளார். அந்நூல்வழி எழுந்த அருங்கலச்செப்பு நமக்குத் தமிழிலேயே கிடைத்துள்ளது. இவ்விரதத்தை உயர்தரச் சைவ உணவகத்தின் மேசையில் வைத்து இப்பாடத்தில் ஆராய்வோம்.

சென்ற கார்த்திகையில் பேத்தி தேர்வில் வென்ற மகிழ்ச்சியைக் கொண்டாடச் சென்னையில் ஓர் உணவகத்திற்குக் குடும்பத்தோடு சென்றோம். இடம் கிடைத்தது இரவு ஏழரை மணிக்கு. இறுதியில் வந்த இனிப்பு, அத்திப்பழமும் தேனும் கலந்த ஐஸ்கிரீம். நாம் கை வைக்காமல் அமர்ந்திருக்கக் கண்ட பேத்தி, "தாத்தா, இது சைவ ஓட்டல்தானே? பின் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்டாள். அவள் கேள்வி நியாயமானது. விடை சொல்லாமல் வாளாவிருந்தது நம் குற்றமே. அந்த விடையே இப்பாடம்.

தமிழகத்தில் சைவ உணவகம் பெருமதிப்புப் பெற்றதற்கு உடுப்பி மரபினர் ஒரு முதற்காரணம். கிருஷ்ணராவ் 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008 வரை நடைபெற்றது. அவ்விடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா உள்ளது. புலால் நுழையாத சமையலறை ஊர்தோறும் கிடைப்பது நமக்குப் பேருதவியே. ஆயினும் வாயிற்பலகையில் உள்ள 'சைவம்' என்னும் சொல் உணவகத்தாரின் வாக்குறுதி. நம் விரதம் அன்று. நம் விரதம் மூன்றைக் கேட்கிறது.

முதலாவது, காலம். பதினொரு பிரதிமைகளுள் ஆறாவது இரவுண்ணாமை. அந்நிலையை எய்தாத இல்லறத்தாரும் இரவுணவை விலக்குதல் நம் முன்னோர் போற்றிய ஒழுக்கம். கதிரவன் மறையுமுன் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், இருக்கும்போதே உண்டு முடித்தல் சிறப்பு. நம் பகுதியில் கார்த்திகையில் மாலை 5.45 மணிக்குள் பொழுது சாய்கிறது, ஆனியிலோ 6.40-ஐ ஒட்டிச் சாய்கிறது. உயர்தர உணவகங்கள் பலவற்றில் இரவு உணவு தொடங்குவதோ ஏழு மணிக்கு. எனவே நண்பகல் விருந்தே நமக்கு உரியது.

இரண்டாவது, பொருள். புலால், கள், தேன் ஆகிய மூன்றும், ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைப் பால்மரக் கனிகளும் விலக்கத் தக்கவை. பயன் சிறிதாய், உயிர்க்கேடு பெரிதாய் உள்ளவற்றையும் ஆசாரியர் விலக்குகிறார். முள்ளங்கி, பச்சை இஞ்சி, வெண்ணெய் என்பன அவர் சுட்டியவற்றுட் சில. பட்டியலில் காணும் 'ஜைன உணவு' பெரும்பாலும் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு தவிர்த்ததைக் குறிக்கும். தேனைப் பற்றி அது பேசாமலும் இருக்கலாம். அயல்நாட்டு உணவு வகைகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்புகளிலிருந்து எடுக்கப்படுவது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் உறைபொருளால் உறைய வைக்கப்படுவது. பொதியுணவின்மீது பச்சைப் புள்ளி இடும் விதி 2001-இல் வந்தது. தட்டில் வரும் உணவில் அப்புள்ளி இராது. பரிமாறுபவரிடம் பணிவோடு கேட்டறிதல் இழிவன்று.

மூன்றாவது, அளவு. இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டு: புலனின்பத்தின்மேல் பற்றுக் குறையாதிருத்தல், துய்த்ததை எண்ணியெண்ணி மகிழ்தல், துய்க்கும்போது மிகு விருப்பம், இனி வருவதன்மேல் வேட்கை, அளவிறந்த நுகர்ச்சி. பகற்பொழுதில், குற்றமற்ற பண்டங்களையே உண்டாலும், பத்து வகை தருவித்துப் பாதியை எறிந்துவிட்டு, அச்சுவையையே ஒரு திங்கள் பேசித் திரிந்தால் விரதம் குன்றிவிடும்.

வந்தவாசியிலிருந்து காஞ்சி செல்லும் சாலையில் உள்ளது பெருநகர். நம் இளமையில் திருப்பருத்திக்குன்றம் சென்று திரும்பும்போது, பொழுது சாயுமுன் பாட்டனார் அங்கே வண்டியை நிறுத்தச் சொல்வார். செய்யாற்றங்கரையில் கட்டுச்சோற்றுப் பொட்டலம் அவிழும். துணியில் வடித்த நீர் வரும். புளிச்சோறும் துவையலுமே விருந்து. அங்கே எவரும் நமக்கு விரதத்தை விளக்கவில்லை. மேற்கு வானைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். அந்தக் கல்வியை நாம் பேத்திக்குத் தரவில்லை என்பதே அன்றிரவு நாம் கண்ட உண்மை.

வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். கால எல்லையிட்டு ஏற்பது நியமம். ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு திங்கள் என எல்லை வகுக்க ஆசாரியர் இடமளித்துள்ளார். எனவே இயலாது என அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த இதழ் வரும்வரை குடும்பத்தோடு பின்வருவனவற்றை நியமமாக ஏற்கலாம்:

1. வெளியில் விருந்துண்பது பகலில் மட்டும்.
2. தேனும் அத்தியும் சேர்ந்தவற்றைக் கேட்டறிந்து விலக்குதல்.
3. உண்ணும் அளவே தருவித்தல். தட்டில் மிச்சம் வையாமை.
4. பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்டால், அங்கேயே அன்போடு விடை கூறுதல்.

பேத்திக்கு இவ்வாறே விளக்கினோம். "அப்படியானால் அடுத்த முறை மதியமே போகலாம், தாத்தா" என்றாள். தை மாதத்தில் அவ்வாறே சென்று வந்தோம்.