'ஆங்கரைட்': ஒரு சொல்லாராய்ச்சி

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கென எமக்கு அளிக்கப்பெற்ற ஆங்கிலப் பகுதியொன்றில் 'ஆங்கரைட்' என்னும் சொல் வந்தது. 'ஆங்கர்' என்பது நங்கூரமாதலின், அதனையடுத்து நின்ற இறுதிநிலை ஆளைக் குறிப்பதாகும் என்று துணிந்து 'நங்கூரமிடுவோன்' என எழுதிவிட்டோம். அப்பகுதியிலோ கடலும் இல்லை, கப்பலும் இல்லை. கோயிற் சுவரோரத்துச் சிற்றறையொன்றில் பல்லாண்டு அடைபட்டு வாழ்ந்த ஒரு தவசியைப் பற்றியே அது பேசிற்று. வகுப்பார் நகைத்தனர், யாமும் உடன் நகைத்தோம். பின்னர், இத்துணை எளிதில் ஒருவனை வழுக்கிவிழச் செய்த சொல்லின் பிறப்பை அறியும் விருப்பம் எழுந்தது.

இச்சொல்லின் மூலம் கிரேக்கம். அம்மொழியில் 'கோரெயின்' என்பது இடம்விட்டுப் பெயர்தலையும் வழிவிடுதலையும் குறிக்கும். 'அன' என்னும் முன்னொட்டுப் பின்னோக்குதலைக் காட்டும். இரண்டும் கூடிய 'அனகோரெயின்' என்பதற்கு விலகிச் செல்லுதல் என்று பொருள். புதிய ஏற்பாட்டை மூலமொழியிற் கற்பார் இவ்வினையைப் பலவிடத்துங் காண்பர். மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் சாஸ்திரிகள் வேறு வழியாய்த் தம் நாடு திரும்பியதும், யோசேப்பு பிள்ளையையும் தாயையும் கொண்டு எகிப்துக்குப் போனதும் இச்சொல்லாலேயே கூறப்படுகின்றன. யோவான் 6ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில், தம்மை அரசராக்க விழைந்த மக்களை நீங்கி ஆண்டவர் தனியே மலைக்குச் சென்றதும் அவ்வாறே. ஆங்கு நம் தமிழ் வேதாகமம் 'விலகி' என்று மொழிபெயர்த்திருப்பது மிகப் பொருத்தமுடையது.

இதே சொல்லுக்கு மற்றொரு வழக்கும் உண்டு. உரோமர் ஆண்ட எகிப்தில் வரிச்சுமை பொறாத குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடிப்போவது வழக்கம். அக்காலத்துப் பப்பிரசு ஏடுகள் அவ்வோட்டத்தை இவ்வினையின் பெயராகிய 'அனகோரேசிஸ்' என்பதாலேயே குறிக்கின்றன. அந்த எகிப்திலேதான் அந்தோனியார் பாலைநிலம் புகுந்தார். அவர் 356ஆம் ஆண்டில் முடிவெய்தினார். அவர்தம் வரலாற்றை அத்தனாசியார் எழுதிப் பரப்பினார். வரிக்கஞ்சி ஓடினாரைச் சுட்டிய சொற்குடும்பத்திலிருந்தே இறைவனை நாடி ஒதுங்கினார்க்கும் பெயர் வாய்த்தது. ஊரார் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியிருக்கலாம்: வீடு பூட்டிக் கிடக்கின்றது, வயல் தரிசாகின்றது, எஞ்சினார் தலையில் சுமை ஏறுகின்றது. தனிமையை நாடுவார்மீது இன்றும் சாற்றப்படும் குற்றம் இதுவன்றோ? விலகிச் செல்வது கடமையைக் கைவிடுவதாகுமா என்னும் வினா, இச்சொல் பிறந்த அன்றே உடன்பிறந்தது போலும்.

இதற்கு உறவுடைய 'ஹெர்மிட்' என்னும் சொல்லையும் ஈண்டு நோக்குதல் தகும். கிரேக்கத்தில் 'எரேமொஸ்' என்பது ஆளற்ற வெறுநிலம். அங்கு உறைவோன் 'எரேமிதேஸ்'. பாலைக்குப் பிரிவை உரிப்பொருளாகக் கொண்ட தமிழ் இலக்கணம் பயில்வார்க்கு இப்பெயர் அயலதாகத் தோன்றாது. பிற்காலத்தார் இருவகையாரையும் வேறுபடுத்தி, 'ஹெர்மிட்' காட்டிலும் மலையிலும் திரிந்து வாழலாம், 'ஆங்கரைட்' புகுந்த அறையை விட்டுப் பெயர்தல் ஆகாது என்று வகுத்தனர். விலகிச் செல்லுதல் என்னும் பொருளுடைய சொல், அசையாதிருப்பவர்க்கு உரியதாயிற்று!

இனி எழுத்தைப் பார்ப்போம். 'ஏ, என், சி, எச், ஓ, ஆர், ஐ, டி, ஈ' என எழுதப்படும் இச்சொல்லில் 'எச்' ஒலிப்பதில்லை. ஆயினும் அது நிற்றற்கு உரிமையுண்டு. கிரேக்க மூலத்தில் காற்றோடு கலந்த ககரம் ஒன்றுளது; அதனை இலத்தீனர் 'சி, எச்' என்னும் ஈரெழுத்தால் எழுதினர். நங்கூரத்தின் கதை வேறு. கிரேக்கத்தில் அது 'அங்குரா'. அங்கு வெறுங்ககரமே உண்டு. இலத்தீனில் 'ஆங்கோரா', பழைய ஆங்கிலத்திலும் 'எச்' இல்லை. இலத்தீனைப் பிழைபட எழுதினார் சிலர் அவ்வெழுத்தை இடையிற் செருகினர். ஆங்கிலேயரும் அதனைப் பின்பற்றினர். 'ஹெர்மிட்' என்பதன் முதலில் நிற்பதும் அத்தகையதே. மூலம் உயிரொலியில் தொடங்குவது. ஆகவே மூன்று சொற்களிலும் 'எச்' இருப்பினும், துறவியின் சொல்லாகிய ஒன்றில்தான் அது முறைப்படி குடியிருக்கின்றது. ஏனைய இரண்டிலும் அழையா விருந்தே.

இடைக்கால இங்கிலாந்தில் இவ்வாழ்வை மேற்கொண்டாருட் பெண்டிர் மிகுதி. அறைக்குள் புகும் நாளில் இறந்தார்க்குரிய மன்றாட்டுகளை அவர்பொருட்டு ஓதுவதும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இவ்வாறு அடைந்து வாழ்ந்த உடன்பிறந்த மகளிர் மூவர்க்கென 'ஆங்க்ரெனெ விஸ்ஸெ' என்னும் ஒழுக்கநூல் எழுதப்பெற்றது. பூனையொன்றைத் தவிர வேறு விலங்கு வளர்த்தலாகாது என்று அது விதிப்பதைக் கண்டு புன்முறுவல் பூத்தோம். ஆனால் அடுத்து யாம் கண்டது எம்மைத் திடுக்கிடச் செய்தது. அவர்கட்கு அப்பெயர் வந்த காரணத்தை அந்நூலாசிரியர் ஆராய்கின்றார். கப்பலின் கீழ் நங்கூரம் போலக் கோயிலின் கீழ் இவர்கள் கிடந்து, அலையும் புயலும் திருச்சபையைக் கவிழ்த்துவிடாமற் பிடித்துக்கொள்கின்றனராம்! எம் தாளில் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட பிழை, ஏறக்குறைய 800 ஆண்டு மூத்த பிழை.

சொன்னூல் முறைப்படி அது பிழையே, அதனை மறுப்பாரில்லை. எனினும், நார்விச் நகரத்து ஜூலியன் அம்மையாரின் வாழ்வைப் பார்த்தபின் எம்மால் அதனை முற்றும் தள்ள இயலவில்லை. இவர் 1373ஆம் ஆண்டு மே மாதம் கடும்பிணியிற் கிடந்தபோது கண்ட காட்சிகளை நூலாக வரைந்தார். கோயிலையொட்டிய அறையில் உறைந்தார். இத்தகைய அறைகட்குப் பலகணிகள் உண்டு: ஒன்று பலிபீடத்தை நோக்கியது, ஒன்று பணிமகள் உணவு தருவது, மற்றொன்று, திரையிட்டது, வெளியார் வந்து பேசுவது. 1413ஆம் ஆண்டையொட்டி மார்ஜரி கெம்பு என்னும் பெண்மணி, தம் உள்ளத்தை அலைத்த ஐயங்களோடு அம்மையாரிடம் வந்து பலநாள் உரையாடித் தெளிந்து சென்றதாகத் தம் நூலிற் கூறுகின்றார். நகரத்தை விட்டு விலகியவர் நகரத்தின் நடுவேதான் இருந்தார். தேடி வந்தார்க்கு அவரிருக்கும் இடம் தெரிந்திருந்தது. வரிக்கஞ்சி ஓடிய குடியானவனை அவ்வாறு கண்டுபிடித்தல் இயலாது. அக்கோயில் 1942இல் குண்டுவீச்சால் இடிந்து, 1953இல் மீளவும் எழுந்தது. அறையிருந்த இடத்தில் இன்று சிற்றாலயம் உளது.

'துறவி' என்று மொழிபெயர்த்தால் அறையின் சுவர் மறைகின்றது. 'தவசி' என்றாலும் அங்ஙனமே. ஆசிரியரோடு கலந்து 'ஒதுங்கியுறைவோர்' என்று எழுதிக்கொண்டோம். 'நங்கூரம்' என்னும் சொல்லைத் தாளினின்றும் அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கின்றோம்.