இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வீட்டிலேயே டிஸ்டில்டு வாட்டர்: நீராவிக் கசிவை அடைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டருடன் வரும் சிறிய யூ.பி.எஸ்.ஸில் இருப்பது பெரும்பாலும் சீல் செய்த பேட்டரி. அதைத் திறக்கக் கூடாது; தண்ணீரும் ஊற்றக் கூடாது. வீடு முழுவதற்குமான இன்வெர்ட்டரில் உள்ள டியூபுலர் பேட்டரிக்குத்தான் டிஸ்டில்டு வாட்டர் தேவை. குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள குளோரைடு தகடுகளை அரிக்கும். இரும்பு இருந்தால் சார்ஜ் தானாகவே இறங்கும்.

கடையில் வாங்குவதுதான் சுலபம். ஆனாலும் எனக்கு இதை வீட்டில் செய்து பார்ப்பது பொழுதுபோக்கு. 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்கச் சுமார் 0.7 யூனிட் மின்சாரம் ஆகும். வீணாகும் வெப்பத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு

எவர்சில்வர் குக்கரில் பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். வெயிட் போட வேண்டாம். அந்தக் குழாயில் சிலிக்கான் டியூபைச் செருகி, மறுமுனையை எவர்சில்வர் குழாய்ச் சுருளுடன் இணையுங்கள். சுருள், குளிர்ந்த நீர் உள்ள வாளிக்குள் இறங்கி, அடியில் உள்ள துளை வழியாக வெளியே வர வேண்டும். செம்புக் குழாய் வேண்டாம்; செம்பு கலந்தால் பேட்டரி கெடும்.

எந்த இடத்தில் எதை வைத்து அடைப்பது?

1. குக்கர் மூடி: அதன் சொந்த கேஸ்கட்டே போதும்.

2. சிலிக்கான் டியூபின் இரு முனைகள்: இங்கே வெப்பம் 100 டிகிரி செல்சியஸ். பிளம்பர்கள் பயன்படுத்தும் டெஃப்லான் டேப்பைச் சில சுற்றுகள் சுற்றி, அதன்மேல் டியூபை இறுக்கிச் செருகுங்கள். டெஃப்லான் 260 டிகிரி வரை தாங்கும். சிலிக்கான் ரப்பர் சுமார் 200 டிகிரி வரை தாங்கும்.

3. இன்னும் கசிகிறதா? மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து வெளிப்புறம் அப்புங்கள். தம் பிரியாணிக்கு மூடியை ஒட்டுகிறோமே, அதே முறைதான். சூடு ஏறியதும் மாவு இறுகி அடைத்துக்கொள்ளும். விரிசல் விட்டால் மேலும் கொஞ்சம் அப்பலாம். கன்னோஜில் அத்தர் வடிப்பவர்கள் இதே வேலைக்குக் களிமண்ணும் பஞ்சும் பயன்படுத்துகிறார்கள்.

4. வாளித் துளை: இங்கே சூடு குறைவு. சிலிக்கான் சீலன்ட் பூசி, 24 மணி நேரம் காயவிடுங்கள்.

இன்சுலேஷன் டேப், பி.வி.சி. பைப், ஹாட் குளூ மூன்றும் இந்தச் சூட்டில் இளகிவிடும். சைக்கிள் டியூப் நாற்றத்தை நீரில் ஏற்றும்.

மிக முக்கியம்

இங்கே நாம் அடைப்பது நீராவியை, அழுத்தத்தை அல்ல. சுருளின் முனை எப்போதும் திறந்திருந்தால் குக்கருக்குள் அழுத்தம் சேராது; மைதா மாவே போதும். மாவைத் தள்ளிக்கொண்டு ஆவி சீறினால், இன்னும் பலமாக அடைக்க நினைக்காதீர்கள். அடுப்பை அணையுங்கள். குழாயில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். நன்றாக ஆறிய பிறகு சரிபாருங்கள். சுருள் ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் தண்ணீர் தேங்கும் பள்ளம் கூடாது. கலெக்ஷன் பாட்டிலை மூடாதீர்கள். குக்கரின் சேஃப்டி வால்வைத் தொடவே கூடாது.

இந்த அமைப்பில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் காய்ச்சாதீர்கள். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி அது குற்றமும்கூட.

வடித்த பின்

முதல் 100 மில்லியைக் கொட்டிவிடுங்கள். குக்கரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சமிருக்கும்போதே நிறுத்துங்கள். டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள், அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதிகம் காட்டினால் அந்த நீர் பேட்டரிக்கு வேண்டாம்.

பேட்டரியில் ஊற்றும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் அருகில் விளக்கோ ஊதுபத்தியோ கூடாது. குறியைத் தாண்டி ஊற்றாதீர்கள்.