நாடி மெதுவாக ஓடுவதால்தான் அசதியா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் அசதிக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள்: ஷிப்ட், வெயில், சுரங்கத் தூசி, வயசு. இப்போது கைக்கடிகாரமும் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. “ஹார்ட் ரேட் 48தான் காட்டுது சார், அதான் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு.”

நம்பிக்கை: துடிப்பு 60க்குக் கீழே போனால் இதயம் பலவீனம்.

உண்மை: ஓய்வில் 60 முதல் 100 வரை என்பது பொது அளவுதான். பல வருடமாக ஓடுகிறவருக்கு 45கூட இயல்பு. தூக்கத்தில் எல்லோருக்குமே குறையும். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் படுத்தவரின் கடிகாரம் காட்டும் 48, பெரும்பாலும் தூக்கத்தில் பதிவான 48. அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்களின் 2018 வழிகாட்டுதல் 50க்குக் கீழே இருந்தால்தான் மெதுவான துடிப்பு என்கிறது. அதற்கும் எண்ணை மட்டும் பார்த்து வைத்தியம் கிடையாது.

நம்பிக்கை: நாடி நிதானமாக ஓடினால் ஆயுள் கெட்டி.

உண்மை: முதல் நம்பிக்கையாவது ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்; இது வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். அறுபதைத் தாண்டியவர் மாடி ஏறுகிறார், நாடி மட்டும் ஏறாமல் 45லேயே நிற்கிறது என்றால், உடம்பு கேட்கிற ரத்தம் போய்ச் சேரவில்லை. துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு தளர்ந்திருக்கலாம். மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் மின்சமிக்ஞை நடுவில் தடைபடலாம். அசதியும் மூச்சிரைப்பும் தலைசுற்றலும் வர, ‘ரிட்டயர் ஆயாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறோம். ஈ.சி.ஜி. சில விநாடிகளைத்தான் பதியும். அதில் சிக்காததை, 24 மணி நேரம் மார்பில் ஒட்டியிருக்கும் ஹோல்டர் கருவி பிடிக்கலாம். அசதி வந்த நேரமும் துடிப்பு குறைந்த நேரமும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி.

மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள். பிரஷருக்கான அட்டெனலால், மெட்டோபுரொலால் நாடியைக் குறைக்கும். கண் அழுத்தத்துக்கு விடும் டைமலால் சொட்டும்கூட. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தினால் நெஞ்சுவலியில் கொண்டுபோய் விடலாம். தைராய்டு குறைந்தாலும் நாடியும் குறையும், அசதியும் வரும். அசதி என்று வரும் பெண்களுக்கு முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள்: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை.

நம்பிக்கை: துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி வைத்தால் எல்லாம் முடிந்தது.

உண்மை: உலகில் முதன்முதலாக 1958இல் அதை உடலுக்குள் பொருத்திக்கொண்ட ஸ்வீடன்காரர் ஆர்னே லார்சன், 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அனல்மின் நிலையத்தில் ஜெனரேட்டர் பக்கம் வேலை என்றால் மட்டும் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பலமான காந்தப்புலம் கருவியைக் குழப்பலாம்.

வெறும் அசதி என்றால் மணிக்கட்டில் முழு ஒரு நிமிடம் நாடியை எண்ணி, மாடி ஏறியபின் மறுபடி எண்ணிக் குறித்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். ஒருமுறையாவது மயங்கி விழுந்தவர், நெஞ்சுவலி உள்ளவர் இந்தச் சோதனையெல்லாம் செய்ய வேண்டாம்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், துணைக்கு ஆளோடு.