கப்பலில் நாய் ஏறலாமா?

பேருந்தில் ஆட்டுக்குட்டியோடு ஏறினால் கண்டக்டர் இறங்கச் சொல்வார். கூடையில் கோழி இருந்தால் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். இரயிலில் நாயைக் கொண்டு போக வழி உண்டு. முதல் வகுப்பில் ஒரு சிறு அறை முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் விடவேண்டும்.

சரி, கப்பலில்? கடலில் பல நாள் போகும் பெரிய பயணக் கப்பலில் நாய் ஏறலாமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. "எந்த நாய்? யாருடைய நாய்? எதற்காக?" என்று கேட்ட பிறகுதான் பதில் சொல்ல முடியும். இந்தப் பாடத்தில் அதைத்தான் படிக்கப் போகிறோம்.

மிதக்கும் ஊர்

முதலில் பயணக் கப்பல் என்றால் என்ன என்று பார்ப்போம். சரக்குக் கப்பல் பொருள்களை ஏற்றிச் செல்லும். பயணக் கப்பல் மக்களை ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகச் செல்லும். அதில் படுக்கை அறைகள், சாப்பாட்டுக் கூடங்கள், கடைகள், நீச்சல் குளங்கள், மருத்துவமனை எல்லாம் இருக்கும்.

2024 ஜனவரியில் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. அதன் நீளம் சுமார் 365 மீட்டர். அதில் 20 தளங்கள் உள்ளன. 7000 பேருக்கு மேல் பயணம் செய்யலாம். நம் பக்கத்துப் பெரிய கிராமம் ஒன்று அப்படியே தண்ணீரில் மிதப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அத்தனை பேர் வாழும் இடத்தில் ஆளுக்கொரு நாயைக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? சிலருக்கு நாய் என்றால் பயம். சிலருக்கு நாயின் முடி பட்டாலே தும்மலும் இளைப்பும் வரும். அதனால் பெரும்பாலான பயணக் கப்பல்கள் செல்லப் பிராணிகளை ஏற்றுவதில்லை.

இரண்டு வகை நாய்கள்

ஆனால் ஒரு வகை நாயைக் கப்பல்கள் ஏற்றுக்கொள்கின்றன. அதன் பெயர் உதவி நாய்.

செல்லப் பிராணி நம் ஆசைக்காக வளர்ப்பது. உதவி நாய் அப்படி அல்ல. அது ஒரு மாற்றுத்திறனாளிக்குத் துணையாக வேலை செய்யப் பழக்கப்பட்ட நாய். பார்வையற்றவருக்கு வழி காட்டும். காது கேளாதவரைத் தொட்டு எழுப்பி, தீ விபத்து மணி அடிப்பதைத் தெரிவிக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த பொருளை எடுத்துத் தரும்.

வழிகாட்டும் நாய் எப்படி வேலை செய்கிறது? பலர் நினைப்பது போல அது சாலையில் உள்ள சிவப்பு, பச்சை விளக்கைப் பார்த்து நடப்பதில்லை. வண்டிகளின் சத்தத்தைக் காதால் கேட்டு, எப்போது கடக்கலாம் என்று முடிவு செய்பவர் பார்வையற்றவர்தான். "முன்னே போ" என்று அவர் சொல்லுவார். வழியில் பள்ளம் இருந்தாலோ, திடீரென்று வண்டி வந்தாலோ நாய் நகராது. சொன்னதை எல்லாம் செய்வது சாதாரணப் பழக்கம். எஜமானருக்கு ஆபத்து என்றால் சொன்னதைச் செய்யாமல் நிற்பது உயர்ந்த பழக்கம். அதையும் அந்த நாய்க்குக் கற்றுத் தருகிறார்கள்.

சரக்கைப் போலப் போனார், மனிதராகத் திரும்பினார்

முதல் உலகப் போரில் பல வீரர்கள் கண்பார்வை இழந்தார்கள். அவர்களுக்காக 1916 ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்ற ஊரில் வழிகாட்டும் நாய்களுக்கான பள்ளி தொடங்கப்பட்டது.

அமெரிக்காவில் நாஷ்வில் என்ற ஊரில் மாரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞர் இருந்தார். ஆறு வயதில் ஒரு கண் போயிற்று. பதினாறு வயதில் குத்துச்சண்டையில் அடிபட்டு மற்றொரு கண்ணும் போயிற்று. வெளியே போக வேண்டும் என்றால் யாராவது கூட வரவேண்டும்.

1927 ஆம் ஆண்டு நவம்பரில் டாரதி யூஸ்டிஸ் என்ற பெண்மணி ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். ஜெர்மனியின் வழிகாட்டும் நாய்களைப் பற்றிய கட்டுரை அது. மாரிஸின் தந்தை அதை மகனுக்குப் படித்துக் காட்டினார். உடனே மாரிஸ் அந்தப் பெண்மணிக்குக் கடிதம் எழுதினார். பாருங்கள், ஒருவர் எழுதினார், ஒருவர் படித்தார், ஒரு வாழ்க்கை மாறியது.

யூஸ்டிஸ் சுவிட்சர்லாந்தில் இருந்தார். அங்கே வரும்படி மாரிஸை அழைத்தார். 1928 இல் மாரிஸ் கப்பலில் புறப்பட்டார். ஒரு பார்சலை ஒப்படைத்து அனுப்புவது போலத்தான் அவரை அனுப்பினார்கள். அவரால் தனியாகக் கப்பலைச் சுற்றி வரக்கூட முடியவில்லை.

சுவிட்சர்லாந்தில் அவருக்கு ஒரு பெண் நாய் கிடைத்தது. அதற்குப் 'பட்டி' என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் அதற்குத் தோழன் என்று பொருள். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு இருவரும் கப்பலில் நியூயார்க் திரும்பினார்கள்.

1928 ஜூன் மாதம். நியூயார்க் துறைமுகத்தில் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். "இந்த நாயை நம்பி அந்தச் சாலையைக் கடப்பீர்களா?" என்று கேட்டார்கள். வண்டிகள் விடாமல் ஓடும் அகலமான சாலை அது. மாரிஸ் நாயின் சேணத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வண்டிகள் இரைந்தன. நாய் நின்றது, நடந்தது, பின்வாங்கியது, மீண்டும் நடந்தது. இருவரும் பத்திரமாக அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். யூஸ்டிஸுக்கு மாரிஸ் ஒரே ஒரு சொல்லில் தந்தி அனுப்பினார்: "வெற்றி."

1929 ஜனவரியில் அமெரிக்காவின் முதல் வழிகாட்டும் நாய்ப் பள்ளி நாஷ்வில்லில் தொடங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாய் வழிகாட்டினால் மட்டும் போதாது. கடையும் விடுதியும் வண்டியும் கதவைத் திறக்க வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும். அமெரிக்காவில் 1990 இல் மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் விதிப்படி, உதவி நாயோடு வருபவரிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்கலாம்.

ஒன்று: "உங்கள் உடல் குறைபாட்டுக்காக இந்த நாய் தேவையா?"

இரண்டு: "என்ன வேலை செய்ய இது பழக்கப்பட்டிருக்கிறது?"

"உங்களுக்கு என்ன நோய்?" என்று கேட்கக் கூடாது. "நாயை வேலை செய்ய வைத்துக் காட்டு" என்றும் சொல்லக் கூடாது.

ஆனால் கப்பல் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அமெரிக்கத் துறைமுகத்தில் இருந்து புறப்படும் கப்பல்கள் பல வேறு நாட்டுக் கொடியைப் பறக்கவிடும். "நாங்கள் வெளிநாட்டுக் கப்பல். உங்கள் சட்டம் எங்களுக்கு இல்லை" என்று சொல்லலாமா? மாற்றுத்திறனாளிப் பயணிகள் சிலர் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு நாயைப் பற்றியது அல்ல. கப்பலில் உள்ள தடைகளையும், கூடுதல் கட்டணத்தையும் பற்றியது. 2005 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கக் கடல் எல்லைக்குள் வரும் வெளிநாட்டுப் பயணக் கப்பலுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்றது. கப்பலின் உள் நிர்வாகத்தைப் பாதிக்கும் சில விஷயங்களுக்கு மட்டும் விலக்கு வைத்தது.

கப்பலில் நாய் எப்படி இருக்கும்?

உதவி நாய்க்குக் கூண்டு இல்லை. அது எஜமானரோடு அதே அறையில் தங்கும். சாப்பாட்டுக் கூடத்துக்கும் வரும். ஆனால் நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது. வெளியே வரும்போது கயிறோ சேணமோ கட்டியிருக்க வேண்டும். நாய்க்கு உணவு கொண்டு வருவதும், அதைப் பார்த்துக்கொள்வதும் எஜமானரின் பொறுப்பு. கப்பல் ஊழியர் பார்த்துக்கொள்ள மாட்டார்.

நாய் மலஜலம் கழிக்க என்ன செய்யும்? நடுக்கடலில் மண் தரை ஏது? ராயல் கரீபியன் என்ற நிறுவனம் தன் கப்பல்களில் நான்கு அடி நீளம், நான்கு அடி அகலத்தில் ஓர் இடம் ஒதுக்கி, மரச்சீவல் பரப்பித் தருகிறது. புல் தரையில் மட்டும் பழகிய நாய் அங்கே போகத் தயங்கும். ஆகவே புறப்படும் முன்பே வீட்டில் பழக்குவது நல்லது.

'பயிற்சி இல்லாவிட்டாலும் இந்த நாய் அருகில் இருந்தால் எனக்கு மன ஆறுதல்' என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பெரிய கப்பல் நிறுவனங்கள் பல அதை உதவி நாயாக ஏற்பதில்லை. செல்ல நாய்க்கு உதவி நாய் என்று சட்டை மாட்டி ஏமாற்றுபவர்களும் உண்டு. பயிற்சி இல்லாத நாய் குரைக்கும், கடிக்கும். பிறகு உண்மையான உதவி நாயையும் எல்லோரும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ஒருவர் சொல்லும் பொய்யின் சுமை இன்னொருவர் தலையில் விழுகிறது.

செல்லப் பிராணிக்கு ஒரு கப்பல்

செல்லப் பிராணிகளை ஏற்றும் பெரிய கப்பல் ஒன்று உண்டு. அதன் பெயர் குயின் மேரி 2. 2004 இல் ஓடத் தொடங்கியது. இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனுக்கும் அமெரிக்காவின் நியூயார்க்குக்கும் இடையே ஓடும்போது நாய், பூனைகளை ஏற்றுகிறது. வழக்கமாக ஏழு இரவுப் பயணம். பிராணிகளுக்குப் பன்னிரண்டாம் தளத்தில் கூண்டுகள் உள்ளன. பார்த்துக்கொள்ளத் தனி ஊழியர் இருக்கிறார். எஜமானர்கள் நேரம் பார்த்து வந்து கொஞ்சலாம். அறைக்குக் கொண்டு போக முடியாது.

2016 இல் கப்பலைப் புதுப்பித்தபோது நாய்கள் உலாவும் இடத்தில் ஓர் ஆங்கிலேயத் தெருவிளக்குக் கம்பத்தையும், ஓர் அமெரிக்கத் தீயணைப்புக் குழாயையும் நட்டார்கள். எதற்கு என்று உங்களுக்கே தெரியும்! இங்கிலாந்து நாய்க்கு அது, அமெரிக்க நாய்க்கு இது.

பழைய காலத்திலும் கப்பலில் நாய்கள் போயின. 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலும் செல்வந்தர்களின் நாய்கள் இருந்தன. மூன்று சிறிய நாய்கள் மட்டுமே எஜமானர்களோடு படகில் ஏறித் தப்பின. சுமார் 1500 மனிதர்கள் அந்தக் கடலில் இறந்தார்கள்.

ஒரு தாள் குறைந்தால்

கப்பல் ஏற்றுக்கொண்டாலும் கரை ஏற்றுக்கொள்ள வேண்டுமே! ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதி. காரணம், வெறிநோய்.

அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் வெறிநோய் கிடையாது. விதிகளை நிறைவு செய்யாமல் வரும் நாயை அங்கே 120 நாள் வரை தனியே அடைத்து வைப்பார்கள். எல்லாத் தாள்களும் சரியாக உள்ள உதவி நாய்க்கு விலக்கு உண்டு. இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டு வரை, வெளிநாட்டில் இருந்து வரும் நாய்களை ஆறு மாதம் அடைத்து வைத்தார்கள். இப்போது தடுப்பூசியும் சான்றிதழும் உள்ள நாய் நேரே உள்ளே போகலாம். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் புதிய விதி வந்தது. உள்ளே வரும் நாய்க்கு ஆறு மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதன் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் இருக்க வேண்டும். அது அரிசி மணி அளவுள்ள சிறு பொருள். அதில் நாயின் அடையாள எண் இருக்கும். இந்தியா போன்ற, வெறிநோய் அதிகம் உள்ள நாடுகளில் இருந்து வரும் நாய்க்கு இன்னும் கடுமையான விதிகள் உள்ளன.

ஒரு தாள் இல்லை என்றால் நாய் கரையில் இறங்க முடியாது. எஜமானர் நாயோடு கப்பலிலேயே தங்க வேண்டியதுதான். சில சமயம் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். டிக்கெட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது இதற்குத்தான்.

நமக்கு இதில் என்ன?

நம்மில் பலர் அந்தக் கப்பலில் ஏறப் போவதில்லை. ஆனால் இந்தப் பாடத்தில் நமக்கும் மூன்று செய்திகள் உண்டு.

ஒன்று, வெறிநோய். வளர்ப்பு நாய்க்குத் தவறாமல் தடுப்பூசி போடுங்கள். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் வைக்காதீர்கள். தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஊசிகளையும் முடியுங்கள். நோய் வந்த பிறகு காப்பாற்றுவது அரிது.

இரண்டு, மரியாதை. வழிகாட்டும் நாய் வேலையில் இருக்கும்போது தட்டிக் கொடுக்காதீர்கள், தீனி போடாதீர்கள். அதன் கவனம் சிதறினால் எஜமானர் விழுவார். உதவி செய்ய விரும்பினால் நாயிடம் அல்ல, அந்த மனிதரிடம் பேசுங்கள். "உதவி வேண்டுமா?" என்று கேட்டபின் செய்யுங்கள். கையில் வெள்ளைக் கோல் மட்டும் வைத்திருப்பவரிடமும் இப்படியே நடந்துகொள்ளுங்கள்.

மூன்று, உரிமை. மாரிஸ் ஃபிராங்க் யாருடைய இரக்கத்தையும் கேட்கவில்லை. நடந்து போக வழி கேட்டார். நம் நாட்டிலும் 2016 இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில், ரேஷன் கடையில், பள்ளியில் ஒரு பார்வையற்றவர் தனியாக வந்து போக முடிகிறதா? இதைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டாம். தெருவில் இறங்கினால் போதும்.

சொல் அறிவோம்

சேணம் – நாயின் உடலில் பூட்டும் வார்ப்பட்டையும் கைப்பிடியும்
விலக்கு – விதியில் இருந்து விடுவிப்பு
வெறிநோய் – வெறிநாய்க் கடியால் பரவும் கொடிய நோய்
சான்றிதழ் – உறுதி கூறி எழுதித் தரும் தாள்
தளம் – மாடி, அடுக்கு

பேசுவோம், எழுதுவோம்

1. செல்லப் பிராணிக்கும் உதவி நாய்க்கும் என்ன வேறுபாடு?
2. எஜமானர் சொன்னதை வழிகாட்டும் நாய் எப்போது செய்யாது?
3. உதவி நாயோடு வருபவரிடம் கேட்கக் கூடிய இரண்டு கேள்விகள் எவை?
4. நாய் கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? வரிசையாக எழுதுங்கள்.
5. நம் ஊரில் மாற்றுத்திறனாளிகள் போக முடியாத இடம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அதைச் சரிசெய்யக் கேட்டு ஊராட்சித் தலைவருக்கு ஐந்து வரியில் கடிதம் எழுதுங்கள். எழுதி வைத்துக்கொள்ளாமல் கொண்டு போய்க் கொடுங்கள்.