விடை வராத காடு: ‘இன் த வுட்ஸ்’ நாவலும் வாசகர் சண்டையும்

டானா ஃப்ரெஞ்ச் எழுதின ‘இன் த வுட்ஸ்’ 2007-ல் வந்த நாவல். அடுத்த வருஷமே சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருது வாங்கியது. படிச்சவங்ககிட்ட நடையைப் பத்திக் கேட்டா பெரும்பாலும் பாராட்டுதான் வரும். முடிவைப் பத்திக் கேட்டா சண்டை வரும். அந்தச் சண்டையை வச்சே இந்த நாவலை எப்படி வாசிக்கலாம்னு பார்ப்போம். கொலையாளி யாருன்னு சொல்ல மாட்டேன், பயப்படாம படிங்க.

1984 கோடை. டப்ளினுக்கு வெளியே நாக்னரீ என்ற கற்பனைக் குடியிருப்பு. பன்னிரண்டு வயசுப் பிள்ளைங்க மூணு பேர் காட்டுக்குள்ள விளையாடப் போறாங்க. ஒருத்தன் மட்டும் கிடைக்கிறான். மரத்தைக் கட்டிப் பிடிச்சு நிக்கிறான், ஷூ முழுக்க ரத்தம், எதுவுமே ஞாபகம் இல்லை. பெற்றோர் அவனை இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்புறாங்க. ஆடம் என்ற பெயர் போய் ராப் ஆகிறான், உச்சரிப்பும் ஆங்கிலேய உச்சரிப்பாகிறது. இருபது வருஷம் கழிச்சு அவன் கொலை விசாரணைப் பிரிவில் துப்பறிவாளன். அதே காட்டோரம், மோட்டார்வே வருவதற்கு முன்னால் அவசரமாக நடக்கும் அகழாய்வுக் குழியில், பழைய பலிபீடக் கல் மேல ஒரு சிறுமியின் உடல் கிடைக்கிறது. ‘அந்தப் பையன் நான்தான்’னு மேலதிகாரியிடம் சொன்னா வழக்கு கையை விட்டுப் போயிடும். ராப் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கும் காஸி மேடக்ஸுக்கு மட்டும் தெரியும்.

புது வழக்குக்கு விடை கிடைக்கிறது. 1984-க்குக் கிடைக்கவில்லை. கோபம் இங்கேதான். ‘கேள்வி போட்டுட்டு விடைத்தாளைக் கிழிச்சுட்டாங்க’ என்பது ஒரு கட்சி. அது நியாயமான கோபம். துப்பறியும் நாவலை நம்பித்தானே ஐநூறு பக்கத்துக்கு உட்காருறோம்?

ஆனா கதையை யார் சொல்றாங்கன்னு கவனிங்க. ராப்தான் சொல்றான், எல்லாம் முடிஞ்ச பிறகு. உண்மை வேணும், ஆனா பொய்யும் சொல்வேன்னு ஆரம்பத்திலேயே ஒத்துக்கிறான். நினைவே இல்லாத ஒரு ஆள், தன் நினைவை மட்டுமே சாட்சியா வச்சு எழுதுற வாக்குமூலம் இது. அதில் 1984-க்குத் தெளிவான விடை வந்திருந்தா, அதை எப்படி நம்புவீங்க? நினைவு திரும்பும்னு அவன் அந்தக் காட்டிலேயே ஒரு ராத்திரி போய்ப் படுக்கிறான். ஏதோ கொஞ்சம் வருது. அதையும் அவன் மனசு மூடிடுது. ஆசிரியர் விடையை ஒளிச்சு வைக்கலை. சொல்ல வேண்டிய ஆளால அதைச் சொல்ல முடியலை.

இன்னொரு புகார்: ‘குற்றவாளியை நான் பாதியிலேயே கண்டுபிடிச்சுட்டேன்.’ ரொம்ப நல்லது! நமக்குத் தெரிஞ்சது ராப்புக்கு ஏன் தெரியலை என்பதுதான் அங்கே இருக்கிற திகில். இரண்டாம் முறை படிக்கும்போது பென்சிலோட உட்காருங்க. சாட்சிகளை அவன் விசாரிக்கிற காட்சிகளில், யாரைப் பார்த்து இரக்கப்படுறான், யாரிடம் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுடுறான்னு குறிச்சுக்கோங்க. தொலைஞ்சு போன அந்தப் பன்னிரண்டு வயசுப் பையன்தான் பல இடங்களில் விசாரணை நடத்துறான். தன் அடையாளத்தை மறைச்சதுக்கு அவன் கொடுக்கிற விலை கடைசியில் நீதியின் மேலயே விழுது.

காஸியை அவன் நடத்துற விதத்தைப் பார்த்து ‘இவனைச் சகிக்க முடியலை’ன்னு சொல்றவங்க உண்டு. நானும் அந்தக் கட்சிதான். அதுக்காகப் புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். அவனை வெறுக்கத் தேவையான சாட்சியம் முழுவதையும் அவனே எழுதித் தந்திருக்கான். என் குறை வேற. மோட்டார்வே எதிர்ப்பு இயக்கத்தைச் சுத்தி நடக்கும் விசாரணை ரொம்ப இழுவை. அங்கே ஒரு அம்பது பக்கம் குறைச்சிருக்கலாம். அகழாய்வுப் பகுதி மட்டும் அப்படியில்லை. ஆசிரியர் உண்மையிலேயே ஒரு அகழாய்வில் வேலை பார்த்தவர், பக்கத்தில் இருந்த காட்டைப் பார்த்துத்தான் கதையின் விதை விழுந்தது. அந்த மண்வாசனை பக்கத்தில் தெரியும்.

அடுத்த நாவல் ‘த லைக்னஸ்’ (2008) காஸி சொல்ற கதை. காட்டுக்கான விடையை அங்கே தேடாதீங்க. ராப் பத்தி அவள் பேசுறது கொஞ்சம்தான். இந்தப் புத்தகத்தை முடிச்ச கையோடு படிச்சா, அந்தக் கொஞ்சமே போதும்னு தோணும்.