ஸ்டட் கன் பிடிக்கும் மாப்பிள்ளைக்கு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன்னை ஸ்டட் வெல்டிங்கில் போட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். "டிரிகரை அழுத்தினா வேலை முடிஞ்சுது மாமா" என்று நீ சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது.

19 மில்லிமீட்டர் ஸ்டட் ஒட்ட ஒரு நொடிகூட ஆகாதுதான். ஆனால் அதற்குள் 1,500 ஆம்பியருக்குக் குறையாமல் பாய்ந்துவிடும். வீட்டு பவர் பிளக்கே 16 ஆம்பியர்தானே! அத்தனை கரண்டும் திரும்பிப் போக வழி வேண்டும். எர்த் கிளாம்ப் வைக்கும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, வெள்ளை இரும்பில் இறுக்கமாகப் பிடிக்க வை. லூசாக இருந்தால் கரண்ட் கிரேன் செயின் வழியாகக்கூடப் பாதை தேடிக்கொள்ளும்.

அடுத்தது ஸ்டட்டின் அடியைச் சுற்றி வைக்கும் பீங்கான் வளையம். ஒட்டியதும் நெருப்பாய்ச் சிவந்திருப்பது கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும், ஆறிவிட்டதென்று தோன்றும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் சூட்டோடு சில்லு பறக்கும். என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவன், வெல்டிங்தான் முடிந்துவிட்டதே என்று கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து தட்டினான். சில்லு புருவத்தைக் கிழித்தது. ஒரு விரல் கீழே பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும். கடைசி வளையம் உடைகிறவரை கண்ணாடி முகத்தில் இருக்கட்டும். மழையில் நனைந்த வளையத்தைத் தொடவே தொடாதே. ஈரம் ஆவியாகி, உருகின இரும்பைத் தெறிக்கவிடும்.

ஜிஐ ஷீட் மேல் ஒட்டும்போது வெள்ளையாகப் புகை வரும். அது துத்தநாகப் புகை. சுவாசித்தால் ராத்திரி குளிர் ஜுரம் வரும், ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும். அதனாலேயே பலர் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. பால் குடித்தால் போதும் என்பார்கள், நம்பாதே. காற்று புகையை உன்னைவிட்டுத் தள்ளுகிற பக்கமாக நில். துண்டு கட்டுவது பத்தாது, வெல்டிங் புகைக்கான மாஸ்க்கைக் கேட்டு வாங்கு. பொறி கீழேயும் விழலாம், கீழ்த்தளத்தில் ஆளோ பெயிண்ட் டப்பாவோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆரம்பி.

பட்டறையில் சின்ன ஸ்டட்டுக்குக் கெப்பாசிட்டர் மெஷின் தருவார்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அதற்குள் சார்ஜ் நிற்கும். மூடியைத் திறக்காதே. இன்னொன்று, கன்னையும் கேபிளையும் சுற்றிக் காந்தப்புலம் பலமாக இருக்கும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் வரக்கூடாது. சைட் பார்க்க எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் கூச்சப்படாமல் கேட்டுவிடு.

பாலியஸ்டர் சட்டையோடு நிற்கிறாய் என்று போட்டோவில் பார்த்தேன். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்கை காட்டன் சட்டை இரண்டு உன் அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
மாமா